வருமானம் சரிந்தால் மலிவு பர்கருக்குக் கிராக்கி கூடுமா?

பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. வருமானம் குறையும்போது தேவை கூடுகிற பண்டத்துக்கு, அதாவது தாழ்நிலைப் பண்டத்துக்கு, மலிவான துரித உணவை எடுத்துக்காட்டாகச் சொல்லித்தருகிறார்கள். அப்படியானால் அமெரிக்காவில் வாடகையும் விலைவாசியும் ஏழைகளை நெருக்கும் இந்த ஆண்டுகளில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில் அவர்கள் கூட்டம் பெருகியிருக்க வேண்டுமே, குறைந்துவிட்டதாகச் செய்தி வருவது எப்படி?

ஒரு பண்டம் தாழ்நிலைப் பண்டமா, வருமானத்தோடு தேவையும் கூடுகிற இயல்புப் பண்டமா என்பது அந்தப் பண்டத்தோடு பிறந்த குணம் அன்று. வாங்குபவர் வருமானப் படிக்கட்டில் எந்தப் படியில் நிற்கிறார், அங்கிருந்து மேலே ஏறுகிறாரா கீழே இறங்குகிறாரா, அவருக்கு அடுத்த மேற்படியிலும் கீழ்ப்படியிலும் வேறு என்ன சாப்பாடு என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் அதை முடிவுசெய்கின்றன. பர்கர் கடை இந்தப் படிக்கட்டின் நடுவில் இருக்கிறது. மேலே பணியாளர் வந்து பரிமாறும் உணவகம். கீழே வீட்டு அடுப்பு. ஆகவே நாட்டில் வருமானம் குறையும்போது அந்தக் கடை வாசலில் இரண்டு நகர்வுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. குடும்பத்தோடு உணவகம் போய்வந்தவர் அதை விட்டுவிட்டு பர்கருக்கு இறங்கி வருகிறார். பர்கரையே வெளிச்சாப்பாடாக வைத்திருந்தவர் அதையும் விட்டுவிட்டு மளிகைக் கடைக்குப் போய் ரொட்டியும் முட்டையும் வாங்குகிறார். முதல் கூட்டம் பெரிதாக இருந்தால் கடைக்காரருக்கு மந்தம் வரமாகிறது. இரண்டாவது பெரிதாக இருந்தால் சாபமாகிறது. பாடநூல் முதல் கூட்டத்தை மட்டும் பார்த்து எழுதப்பட்டது என்பதே என் குறை.

அளவீட்டிலிருந்து தொடங்கலாம். வருமானம் நூற்றுக்கு ஒன்று மாறினால் வாங்கும் அளவு நூற்றுக்கு எவ்வளவு மாறுகிறது என்பதை வருமான நெகிழ்ச்சி என்கிறோம். அந்த எண் பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் தாழ்நிலைப் பண்டம், மேலே இருந்தால் இயல்புப் பண்டம். குடும்பம் செழிக்கச் செழிக்க உணவுக்குப் போகும் பங்கு குறைகிறது என்று ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் 1857-இல் காட்டியது இன்றும் பொருந்துகிறது. அமெரிக்காவில் 2023-இல் மிகக் குறைந்த வருமானமுள்ள ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் வரி போக மிஞ்சிய வருமானத்தில் 32.6 சதவீதத்தை உணவுக்குச் செலவிட்டன. மிக உயர்ந்த ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் 8.1 சதவீதத்தைச் செலவிட்டன. ஆனால் பங்கு குறைவது வேறு, தொகை குறைவது வேறு. வசதியானவர்கள் டாலர் கணக்கில் உணவுக்கு அதிகமாகவே செலவழிக்கிறார்கள், அதிலும் வெளியே சாப்பிடுவதற்கு மிக அதிகமாக. எனவே ‘ஏழைகள் உணவுக்கே எல்லாவற்றையும் செலவிடுகிறார்கள், ஆகவே துரித உணவை அவர்கள்தான் அதிகம் வாங்குவார்கள்’ என்று தாவிவிடக் கூடாது.

உண்மையில் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013 முதல் 2016 வரையிலான தேசிய உடல்நல ஆய்விலிருந்து எடுத்துத் தந்த கணக்கின்படி, ஏதேனும் ஒரு நாளில் துரித உணவு சாப்பிட்ட பெரியவர்கள் 36.6 சதவீதம். வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்கு மிகாத வருமானமுள்ளவர்களிடையே இது 31.7 சதவீதம், நடுப்பிரிவில் 36.4, 350 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களிடையே 42.0. வருமானத்தோடு ஏறுகிறது, இறங்கவில்லை. ‘ஏழைகளின் உணவு’ என்று எழுதிப் பழகியவர்கள் இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் லீ, டேஹ்வான் கிம்முடன் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. 1990களின் நடுவில் எடுக்கப்பட்ட உணவுப் பழக்கத் தரவை வைத்து, ஆண்டுக் குடும்ப வருமானம் ஏறத்தாழ 60,000 டாலரைத் தொடும் வரை துரித உணவுக் கடைக்குப் போவது கூடுகிறது, அதற்கு மேல் குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். மேசைக்கு வந்து பரிமாறும் உணவகத்துக்குப் போவதோ வருமானத்தோடு ஏறிக்கொண்டே போகிறது. துரித உணவின் வரைகோடு, ஆக, நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மேடு. மேட்டின் இடப்பக்கம் நிற்பவருக்கு பர்கர் இயல்புப் பண்டம், வலப்பக்கம் நிற்பவருக்குத் தாழ்நிலைப் பண்டம். இது முந்தைய கணக்கோடு முரண்படுகிறதே என்று தோன்றலாம். அந்த 60,000 டாலர் 1990களின் டாலர் என்பதையும், உடல்நல ஆய்வின் மேல்பிரிவு மிகவும் அகலமானது என்பதையும் நினைவில் வைத்தால் முரண் பெரும்பாலும் தணிந்துவிடும். நால்வர் குடும்பத்துக்கு 2016-இல் வறுமைக் கோடு 24,300 டாலர். அதன் 350 சதவீதம் 85,050. ஆசிரியரும் செவிலியருமான தம்பதி தொடங்கி கோடீசுவரர் வரை எல்லாரும் அந்த ஒரே பிரிவுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

மூன்றாவது ஆய்வொன்று இந்த இரண்டையும் சற்று அசைத்துப் பார்க்கிறது. ஜே ஜகோர்ஸ்கியும் பாட்ரிஷியா ஸ்மித்தும் 2017-இல் வெளியிட்டது. ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த தரவை அது பயன்படுத்தியது. நடுவயதினரான அவர்களில் 79 சதவீதத்தினர் ஒரு வாரத்தில் குறைந்தது ஒரு முறையாவது துரித உணவு சாப்பிட்டிருந்தார்கள். வருமானப் பிரிவுகளுக்கு இடையே வேறுபாடு சிறியதே. நடுத்தட்டினர் சற்றுக் கூடுதல், பெருஞ்செல்வர்கள் சற்றுக் குறைவு. ஒரே ஆளின் வருமானம் அல்லது சொத்து பெரிதாக ஏறியோ இறங்கியோ போனபோதும் அவர் சாப்பிடும் அளவு குறிப்பிடும்படி மாறவில்லை. வேலைநேரம் கூடியவர்கள்தான் அதிகம் சாப்பிட்டார்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். துரித உணவுக் கடையில் நாம் விலைகொடுத்து வாங்குவது ரொட்டியும் இறைச்சியும் மட்டுமல்ல. சமைக்கவும் பாத்திரம் கழுவவும் செலவாகியிருக்கும் நேரத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். வருமானம் உயர்வதற்குக் காரணம் கூடுதல் வேலைநேரம் என்றால் பர்கருக்குத் தேவை கூடும். அதே நேரத்துக்கு அதிகச் சம்பளம் என்றால் நல்ல உணவகத்துக்குத் தேவை கூடலாம். வேலையே போய்விட்டது என்றால் பணம் சுருங்குகிறது, நேரமோ பெருகுகிறது. அப்போது அடுப்பு மலிவாகத் தெரியும். வருமானம் ‘எவ்வளவு’ மாறியது என்பதோடு ‘எதனால்’ மாறியது என்றும் கேட்டாக வேண்டும்.

இப்போது வரலாற்றுக்கு வருவோம். பாடநூல் கூற்றுக்கு மிகச் சிறந்த சான்று 2008. அந்த ஆண்டில் அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு ஏறத்தாழ 34 சதவீதம் விழுந்தது. அதிலிருந்த 30 நிறுவனங்களில் ஆண்டிறுதியில் பங்குவிலை உயர்ந்து நின்றவை இரண்டுதான், வால்மார்ட்டும் மெக்டொனால்ட்ஸும். மெக்டொனால்ட்ஸின் பழைய கடைகளில், அதாவது புதிதாகத் திறந்தவற்றைச் சேர்க்காமல், உலகளாவிய விற்பனை அந்த ஆண்டு 6.9 சதவீதம் கூடியது. அதே ஆண்டு ஜூலையில் பெனிகன்ஸ் என்ற நடுத்தர உணவகச் சங்கிலி திவாலாகி மூடியது. ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் 600 கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. மேற்படியிலிருந்து இறங்கியவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை இந்தச் செய்திகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கீழ்ப்படியில் இருந்தவர்களையும் கடை அன்று பிடித்துவைத்திருந்தது, ஏனெனில் ஒரு டாலருக்கு ஒரு பர்கர் அப்போது உண்மையாகவே கிடைத்தது. அந்த ஒரு டாலரைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதற்கு ஒரு சிறு சான்று: 2008 முடியும் தறுவாயில் இரட்டைச் சீஸ்பர்கரை ஒரு டாலர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டு, ஒரு சீஸ் வில்லையைக் குறைத்து ‘மெக்டபிள்’ என்ற பெயரில் அதே விலைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஆனால் இந்த வெற்றிக் கதையை மேற்கோள் காட்டுபவர்கள் 2009-ஐப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது; அதே மாதத்தில் மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கக் கடைகளில் விற்பனை, மிகச் சிறிய அளவிலேயே என்றாலும், குறைந்தது. நவம்பரிலும் குறைந்தது. காலையில் வேலைக்குப் போகும் வழியில் காரை நிறுத்தாமலே காப்பியும் மஃபினும் வாங்குவது அந்த வணிகத்தின் பெரும்பகுதி. வேலை இல்லாதவருக்கு வேலைக்குப் போகும் வழியும் இல்லை. 2010 ஜனவரியில் காலை உணவுக்கும் ஒரு டாலர் பட்டியலை நாடு முழுக்கக் கொண்டுவந்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். பர்கர் கிங்கின் நிலை இன்னும் மோசம். அதன் முதன்மை வாடிக்கையாளர்கள் இளைஞர்கள். வேலையை முதலில் இழந்தவர்களும் அவர்களே. 2009 அக்டோபரில் அது ஒரு டாலருக்கு இரட்டைச் சீஸ்பர்கர் விற்கத் தொடங்கியபோது, ஒவ்வொன்றிலும் நட்டமே வருகிறது என்று உரிமம் பெற்றுக் கடை நடத்துபவர்களின் சங்கம் நீதிமன்றத்துக்குப் போனது. மந்தத்தில் தேவை வந்து சேர்ந்தாலும், அந்த விலைக்கு விற்றுக் கட்டுப்படியாகிறதா என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

அடுத்து, உங்கள் கேள்விக்கு நேரடி விடை இருக்கும் காலம், 2021-க்குப் பிந்தையது. பெருந்தொற்றின்போது அரசு வீடுகளுக்கு நேரடியாகப் பணம் அனுப்பியது: முதலில் 1,200 டாலர், பிறகு 600, பிறகு 1,400. குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு 2021-இன் பிற்பாதியில் மாதந்தோறும் தொகை வந்தது. குறைந்த சம்பள வேலைகளில் ஊதியமும் மற்றவற்றைவிட வேகமாக ஏறியது. கையில் காசு இருந்த இந்த நாட்களில் கடைகள் விலையை உயர்த்தின. வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் வாங்கினார். பிக் மேக்கின் சராசரி விலை 2019-இல் 4.39 டாலராக இருந்து 2024-இல் 5.29 ஆனது என்று நிறுவனமே 2024 மே மாதம் வெளியிட்ட கடிதத்தில் சொன்னது. அது 21 சதவீத உயர்வு. சேமிப்பு கரைந்த பிறகுதான் விலை உறைத்தது. 2023-ஆம் ஆண்டில் மளிகை விலை 1.3 சதவீதம் ஏறியது, வெளிச்சாப்பாட்டின் விலை 5.2 சதவீதம் ஏறியது. கீழ்ப்படிக்கும் நடுப்படிக்கும் இடையிலான உயரம் கூடிவிட்டது என்று இதற்குப் பொருள். வருமானம் அப்படியே இருந்தாலும்கூட வீட்டில் சமைப்பது முன்னைவிட ஒப்பீட்டளவில் மலிவாகியிருக்கும். வாடகையும் குழந்தைப் பராமரிப்புச் செலவும் ஏறி, கைக்கு மிஞ்சுவது சுருங்கியபோது அந்த ஈர்ப்பு இரட்டிப்பாகிறது.

உணவு உதவித் திட்டத்தை இங்கே சேர்த்துப் பார்க்காமல் அமெரிக்க ஏழைகளின் நடத்தையைப் புரிந்துகொள்ள முடியாது. ஸ்நாப் எனப்படும் அந்த உதவி அட்டையால் மளிகை வாங்கலாம். சூடாகத் தயாரித்துத் தரும் உணவை வாங்க முடியாது. முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீடற்றோர் ஆகியோருக்காகச் சில மாநிலங்கள் நடத்தும் ஏற்பாடு மட்டும் விதிவிலக்கு. வேலை போனவரின் ரொக்கம் குறைந்து அட்டையில் தொகை சேரும்போது, அவருடைய மொத்த உணவு வருமானம் அவ்வளவாகக் குறையாவிட்டாலும் பர்கருக்குச் செலவிடக்கூடிய பகுதி நன்றாகக் குறைந்துவிடுகிறது. பெருந்தொற்றுக்காக வழங்கிய கூடுதல் உதவி 2023 பிப்ரவரியோடு நாடு முழுக்க முடிந்தபோது, எதிர்த்திசையிலும் அதே அடி விழுந்தது: மளிகைக்கான பற்றாக்குறையை ரொக்கத்தால் நிரப்ப வேண்டிவந்தது, அந்த ரொக்கம் பர்கருக்கு ஒதுக்கியிருந்த ரொக்கம்.

இதோடு மேற்படியும் கீழே இறங்கி வந்தது. சில்லீஸ் என்ற நடுத்தர உணவகச் சங்கிலி, பானம், தொடக்க உணவு, பர்கர் மூன்றும் சேர்த்து 10.99 டாலருக்குத் தந்து, துரித உணவுக் கடையின் விலையோடு தன்னை வெளிப்படையாக ஒப்பிட்டு விளம்பரம் செய்தது. 2024-இன் கடைசிக் காலாண்டில் அதன் பழைய கடைகளில் விற்பனை 31 சதவீதம் ஏறியது. பர்கர் கடையின் காம்போ பத்து டாலரை நெருங்கிவிட்ட ஊர்களில், இன்னும் ஒரு டாலர் சேர்த்தால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால், நடுத்தட்டினர் எதற்காக இறங்கி வரவேண்டும்? 2008-இல் இறங்கி வந்த கூட்டம் 2024-இல் வராமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

விளைவு எண்களில் தெரிந்தது. 2024-இன் இரண்டாம் காலாண்டில் மெக்டொனால்ட்ஸின் பழைய கடைகளில் உலக விற்பனை 1 சதவீதமும் அமெரிக்க விற்பனை 0.7 சதவீதமும் குறைந்தன. பெருந்தொற்றுக்குப் பிறகு அதுவே முதல் சரிவு. ஜூன் 25 அன்று 5 டாலர் சாப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2025-இன் முதல் காலாண்டில் அமெரிக்க விற்பனை 3.6 சதவீதம் விழுந்தது. அதன் பிறகு நடந்ததுதான் சுவையானது. அதே ஆண்டு மூன்றாம் காலாண்டில் அமெரிக்க விற்பனை 2.4 சதவீதம் ஏறியது. ஆனால் குறைந்த வருமானமுள்ளவர்களின் வருகை ஏறத்தாழப் பத்து சதவீதம் குறைந்ததாகவும், உயர் வருமானமுள்ளவர்களின் வருகை ஏறத்தாழ அதே அளவு கூடியதாகவும் தலைமை நிர்வாகி கிறிஸ் கெம்ப்சின்ஸ்கி சொன்னார். மேட்டின் வலப்பக்கச் சரிவில் நிற்பவர்கள் உள்ளே வர, இடப்பக்கச் சரிவில் நிற்பவர்கள் வெளியேறுகிறார்கள். மொத்த விற்பனையை மட்டும் பார்த்தவருக்கு இவற்றில் எதுவும் நடந்ததாகவே தெரிந்திருக்காது. அதே பருவத்தில் சிபோட்லே என்ற, ஒரு படி விலை கூடிய கடை, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் தன் வாடிக்கையாளர்கள் வருவதைக் குறைத்துவிட்டதாக முறையிட்டது.

ஏழைகளின் வருமானத்தை உயர்த்தினால் இந்தக் கடைகளுக்கு நன்மைதானே என்று கேட்கலாம். பாதி உண்மை. இந்தக் கடைகளில் வேலை செய்பவர்களும் அதே குறைந்த ஊதியப் பிரிவினர் என்பதால், அந்தப் பிரிவின் ஊதியம் ஏறும்போது தேவையும் செலவும் சேர்ந்தே ஏறுகின்றன. நாடு முழுக்க 60 கடைகளுக்குக் குறையாத சங்கிலிகளின் ஊழியர்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் மணிக்கு 20 டாலர் என்று கலிபோர்னியா சட்டம் செய்தது. அதுவரை மாநிலத்தின் பொது அடிப்படை ஊதியம் 16 டாலர். ஊதியம் பெறுபவர் பக்கம் பார்த்தால் பர்கர் வாங்கும் சக்தி கூடியது; பர்கர் விற்பவர் பக்கம் பார்த்தால் விலையை உயர்த்தும் நெருக்கடி கூடியது. வேறெந்தத் துறையிலும் இவ்விரண்டும் இவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கம் பார்த்தால் இதே நிறுவனம் படிக்கட்டின் வேறொரு படியில் நிற்கிறது. 1996-இல் டெல்லியில் முதல் கடையைத் திறந்தபோது மெக்டொனால்ட்ஸ் இந்திய நடுத்தட்டினருக்கு மலிவுச் சாப்பாடாக இருக்கவில்லை. வெளியே போய்வரும் ஒரு நிகழ்ச்சியாக இருந்தது. சென்னையில் சம்பளம் குறைந்தவர் பர்கர் கடைக்கு இறங்கி வருவதில்லை. அதிலிருந்து கையேந்தி பவனுக்கோ, ஒரு ரூபாய்க்கு இட்லி தந்து 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்துக்கோ இறங்குகிறார். ஆகவே அமெரிக்கப் பாடநூலின் எடுத்துக்காட்டை அப்படியே தமிழில் எழுதிவைப்பது இங்கே படிக்கும் மாணவரைக் குழப்பவே செய்யும். இங்கு அந்த வரைகோட்டில் இன்றும் இடப்பக்கச் சரிவுதான் பெரிது.

தேர்வுக்கோ கட்டுரைக்கோ இதை ஆராய்கிறீர்கள் என்றால், விற்பனைத் தொகையைத் தேவை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விலை பத்து சதவீதம் ஏறி வருகை ஐந்து சதவீதம் குறைந்தால் தொகை கூடியே காட்டும். வருகையின் எண்ணிக்கை, ஒரு ரசீதில் எத்தனைப் பொருள், ஒரு பொருளுக்கு என்ன விலை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அந்தப் பிரிப்பையும் வருமானப் பிரிவுவாரியாகச் செய்ய வேண்டும். இன்னொன்று, தற்காலிக வருமானத்தையும் நிலையான வருமானத்தையும் கலக்கக் கூடாது. பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1957-இல் முன்வைத்த வாதத்தின்படி மக்கள் தங்கள் செலவை நீண்டகால எதிர்பார்ப்புக்கு ஏற்பவே அமைத்துக்கொள்கிறார்கள். மேலே சொன்ன ஜகோர்ஸ்கி–ஸ்மித் ஆய்வில் வருமானம் மாறியவர்களின் பழக்கம் அசையாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் சேமிப்பே இல்லாத குடும்பத்துக்கு அந்த வாதம் தளர்ந்துவிடுகிறது. அவர்கள் இந்த மாதச் சம்பளத்தை வைத்தே இந்த மாதம் சாப்பிடுகிறார்கள்.

வருமானம் கடுமையாக விழுந்தும் மலிவு உணவுக்குக் கிராக்கி கூடாமல், மலிவு உணவே மறைந்துபோன நிகழ்வும் உண்டு. 2008-இல் ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்து அந்நாட்டு நாணயமான குரோனாவின் மதிப்பு சரிந்தது. அங்கிருந்த மெக்டொனால்ட்ஸ் கடைகள் பெரும்பாலான மூலப்பொருள்களை ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்துவந்தன. 650 குரோனாவுக்கு விற்ற பிக் மேக்கை 780-க்கு விற்றால்தான் கட்டும் என்ற நிலை வந்தது. சம்பளம் சுருங்கிய ஊரில் அந்த விலைக்கு விற்க முடியாது. 2009 அக்டோபர் 31 அன்று மூன்று கடைகளும் மூடப்பட்டன. அவற்றை நடத்தியவர் அதே இடங்களில் உள்நாட்டு இறைச்சியையும் காய்கறியையும் கொண்டு ‘மெட்ரோ’ என்ற பெயரில் பர்கர் விற்கத் தொடங்கினார்.